கையில் சின்ன ஜோடி, மேஜையில் மூன்று சீட்டு

2009 நவம்பர். லாஸ் வேகாஸின் ரியோ ஓட்டலில் உலகப் போக்கர் தொடரின் பிரதானப் போட்டி கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்தது. கோடையில் 6,494 பேருடன் தொடங்கிய ஆட்டத்தில் எஞ்சியவர் ஒன்பதே பேர். அவர்களில் ஒருவர் மிச்சிகன் மாநிலத்து இளைஞர் ஜோ கேடா, வயது 21. கையில் இரண்டு மூன்றுகளோடு அவர் ஒரு கட்டத்தில் தன்னிடமிருந்த அத்தனை சில்லுகளையும் நடுவில் தள்ளினார். எதிரே ஜெஃப் ஷுல்மனிடம் இரண்டு ஜாக்கிகள். மேஜையில் இன்னொரு மூன்று விழுந்தது, கேடா பிழைத்தார். மூன்று பேர் மட்டும் மிஞ்சிய பிறகு மறுபடியும் அதே கதை. இம்முறை கையில் இருந்தவை சீட்டுக்கட்டிலேயே மிகச் சிறிய ஜோடி: இரண்டு இரண்டுகள். பிரான்ஸைச் சேர்ந்த ஆந்த்வான் சாவூ வைத்திருந்ததோ இரண்டு ராணிகள். இரண்டு விழுந்தது. கடைசியில் மேரிலாந்தில் மரம் வெட்டும் தொழில் செய்த டார்வின் மூனை வீழ்த்தி, 85 லட்சம் டாலருக்கு மேல் பரிசு பெற்று, அந்தப் போட்டியின் வரலாற்றிலேயே மிக இளம் வெற்றியாளரானார் கேடா.

தொலைக்காட்சியில் இதைப் பார்த்த எத்தனையோ பேருக்குச் சின்ன ஜோடி என்றாலே ஒரு மயக்கம் வந்துவிட்டது. ஆனால் அந்த இரண்டு ஆட்டங்களிலும் பொதுச் சீட்டுகள் திறப்பதற்கு முன்பே பணம் முழுவதும் உள்ளே போய்விட்டது. அதன் பிறகு கேடாவுக்கு முடிவெடுக்க ஒன்றுமில்லை. விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். சாதாரண ஆட்டம் அப்படி நடப்பதில்லை. மூன்று சீட்டுகள் திறக்கின்றன, ஒரு ராஜா கண்ணில் படுகிறது, எதிராளி பணம் கட்டுகிறார், உங்கள் கையில் இரண்டு நான்குகள். இப்போது என்ன செய்வது? போக்கரில் புதியவர்கள் அதிகமாகப் பணம் இழக்கும் இடங்களில் இது ஒன்று. தெரிந்தவர்களும் இந்த இடத்தில் நிதானிப்பார்கள்.

ரம்மி மட்டும் ஆடிப் பழகியவர்களுக்காக ஆட்டத்தின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டெக்சாஸ் ஹோல்டெம் என்ற இந்த வகையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு மறைவாகத் தரப்படும். அவற்றைப் பார்த்து ஒரு சுற்றுப் பந்தயம் நடக்கும். பிறகு நடுவில் மூன்று பொதுச் சீட்டுகள் ஒன்றாகத் திறக்கப்படும், இது ஃப்ளாப். மறுபடி பந்தயம். நான்காவது சீட்டு டர்ன், ஐந்தாவது ரிவர். ஒவ்வொன்றுக்குப் பின்னும் பந்தயம். கடைசியில் ஏழு சீட்டில் சிறந்த ஐந்தை வைத்து வெற்றி தீர்மானமாகும். யார் வேண்டுமானாலும் எந்தச் சுற்றிலும் சீட்டைப் போட்டுவிட்டு விலகலாம். நடுவில் குவியும் பணத்தைப் பாட் என்பார்கள். டெக்சாஸ் மாநிலத்தின் ராப்ஸ்டவுன் என்ற சிற்றூரே இதன் பிறப்பிடம் என்று அந்த மாநில சட்டமன்றம் 2007இல் தீர்மானம் போட்டிருக்கிறது.

மறைவாக வரும் இரண்டு சீட்டும் ஒரே எண்ணாக இருப்பது 17 முறைக்கு ஒரு முறை. இரண்டிலிருந்து ஆறு வரையான ஜோடிகளையே சின்ன ஜோடி என்பது வழக்கம். இவை வரும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டேகாலுக்குச் சற்று மேல். அரிதாக வருவதாலேயே கைக்கு வந்ததும் ஒரு பற்று உண்டாகிறது. ஜோடி ஏற்கெனவே அமைந்த கை அல்லவா? ஏஸ், ராஜா வைத்திருப்பவரிடம் இப்போதைக்கு எதுவும் இல்லை. இரண்டு இரண்டுகள் வைத்திருப்பவரிடம் ஜோடி இருக்கிறது. ஐந்து பொதுச் சீட்டுகளும் விழுந்து முடியும்வரை இருவரும் காத்திருந்தால் இரண்டுகளே பாதிக்கு மேற்பட்ட முறை வெல்லும். கணக்கு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் ஐந்து சீட்டையும் பார்க்க ஒவ்வொரு சுற்றிலும் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஃப்ளாப்பில் நடப்பது இதுதான். உங்கள் ஜோடியின் மூன்றாவது சீட்டு விழுந்து செட் அமைவது எட்டரை முறைக்கு ஒரு தடவை, நூற்றுக்கு 12க்குச் சற்றுக் குறைவு. மீதி 88 தடவை விழாது. விழாத அந்தத் தடவைகளில் உங்கள் ஜோடியைவிடப் பெரிய சீட்டு ஒன்றாவது மேஜையில் கிடப்பது ஏறக்குறைய உறுதி. ஆறு ஜோடிக்கே, ஃப்ளாப்பில் பெரிய சீட்டு ஒன்றும் வராமலிருப்பது நூற்றுக்கு நான்கு முறைதான். இரண்டு ஜோடிக்கு அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

செட் வந்தால் எப்படி ஆடுவது என்பதைப் பற்றித்தான் எல்லோரும் ஆசையோடு பேசுகிறார்கள். ஒருவரின் தேர்ச்சியை அளக்க வேண்டுமானால் மற்ற 88 தடவைகளைத்தான் பார்க்க வேண்டும்.

பழைய ஆட்டக்காரர்கள் இதற்கு ஒற்றை வரி விதி வைத்திருந்தார்கள்: செட் இல்லையேல் பெட் இல்லை. ஃப்ளாப்பில் மூன்றாவது சீட்டு வரவில்லையா, சீட்டைப் போட்டுவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போ. புதியவருக்கு இது நல்ல பாதுகாப்பு. நஷ்டத்தின் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். ஆனால் எதிராளி ஒருவரே இருக்கும்போதும் இதையே கடைப்பிடித்தால், உங்களுக்குச் சேர வேண்டிய பணத்தையும் விட்டுக்கொடுத்தவராவீர்கள். ஏனென்றால் ஃப்ளாப் உங்களை ஏமாற்றுவதுபோல அவரையும் ஏமாற்றுகிறது. ஜோடியில்லாத இரண்டு சீட்டு வைத்திருப்பவர் ஃப்ளாப்பில் ஒரு ஜோடியாவது பிடிப்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு முறைதான்.

ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஆரம்ப இடத்தில் உட்கார்ந்திருப்பவர் ஏற்றிக் கட்டுகிறார். கடைசியில் பேசும் இடத்தில் நீங்கள், கையில் இரண்டு நான்குகள், அதே தொகையைப் போட்டு ஈடு கட்டுகிறீர்கள். மற்றவர்கள் விலகிவிட்டார்கள். ஃப்ளாப்பில் ராஜா, ஏழு, இரண்டு, மூன்றும் வெவ்வேறு பூ. பாட்டில் 100 ரூபாய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர் 33 கட்டுகிறார். நீங்கள் 33 போட்டால் மொத்தம் 166 ஆகும். ஆக, ஐந்தில் ஒரு முறை வென்றாலே இந்த 33 வீணில்லை. அவர் ஏஸும் ராணியும் வைத்துக்கொண்டு வெறுங்கையோடு கட்டியிருக்கலாம். ஜாக்கி, பத்து வைத்திருக்கலாம். இந்தக் கைகளுக்கெல்லாம் உங்கள் நான்குகள் இப்போது முன்னால் இருக்கின்றன. ஒரு தடவை ஈடு கட்டுவது நியாயமே.

டர்னில் ஒன்பது விழுகிறது. இப்போது அவர் 110 கட்டுகிறார். இங்கேதான் கையை விட வேண்டும். இப்படிப்பட்ட மேஜையில் இரண்டாம் தடவையும் பெரிதாகக் கட்டுகிறவர் பெரும்பாலும் ராஜாவை வைத்திருக்கிறார், அல்லது கையிலேயே எட்டு ஜோடி, பத்து ஜோடி போன்ற ஒன்றை வைத்திருக்கிறார். வெறுங்கையோடு துணிந்து கட்டியிருந்தாலும் ரிவரில் இன்னும் பெரிய தொகையோடு மூன்றாம் கேள்வி காத்திருக்கிறது. முதல் 33இல் யாரும் அழிவதில்லை. அதைத் தொடர்ந்து போகும் 110இலும், அதற்குப் பின் வரும் முந்நூறிலும்தான் அழிகிறார்கள்.

இதற்குப் பின்னால் ஒரு சமனின்மை இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் சின்ன ஜோடியின் குணமே புரிந்துவிடும். எதிராளி ராஜா ஜோடி பிடித்திருந்தால் உங்களைக் காப்பாற்றக் கட்டில் இரண்டே நான்குகள்தான் உள்ளன. டர்னில் அது விழுவது நூற்றுக்கு நான்கு முறை; ரிவரையும் சேர்த்தால் எட்டு. மாறாக, நீங்கள் முன்னால் இருக்கும்போது, ஏஸும் ராணியும் வைத்திருப்பவரைக் காப்பாற்ற ஆறு சீட்டுகள் உள்ளன: மூன்று ஏஸ், மூன்று ராணி. டர்ன், ரிவர் இரண்டையும் அவருக்கு விலையில்லாமல் காட்டினால் நாலில் ஒரு முறை உங்களைத் தாண்டிவிடுவார். பின்தங்கினால் எழ முடியாது, முன்னால் இருந்தாலும் நிம்மதி இல்லை.

முதலில் ஏற்றிக் கட்டியவர் நீங்களாக இருந்தால் ஃப்ளாப்பில் சிறு தொகை ஒன்றைக் கட்டிப் பார்ப்பது அதனால்தான் பயன் தருகிறது. அதே ராஜா, ஏழு, இரண்டு. உங்களிடம் மூன்று ஜோடி. எதிராளியிடம் ராணியும் ஜாக்கியும். அவரிடம் இப்போது ஒன்றுமில்லை; ஆனாலும் ஆறு சீட்டு அவருக்காகக் காத்திருக்கிறது. பாட்டில் மூன்றில் ஒரு பங்கு கட்டினால் அவர் பெரும்பாலும் சீட்டைப் போட்டுவிடுவார். அப்போது அந்த ஆறு சீட்டின் வாய்ப்பையும் சேர்த்தே அவர் விட்டுக்கொடுக்கிறார். அவர் ஈடு கட்டிவிட்டால் உங்கள் வேலை அநேகமாக முடிந்தது. டர்னில் கட்டாமல் தட்டிவிட்டு, முடிந்தவரை மலிவாகக் கடைசிச் சீட்டைப் பார்ப்பதே முறை.

இவ்வளவும் எதிரே ஒருவர் இருக்கும்போதுதான். மூன்று பேர் இருந்தால் கணக்கு தலைகீழ். ஒவ்வொருவரும் ஃப்ளாப்பைத் தவறவிடும் வாய்ப்பு மூன்றில் இரண்டு என்று தோராயமாகக் கொண்டால், மூவருமே தவறவிடுவது பத்தில் மூன்று முறைதான். அதிலும் ராணி, ஜாக்கி, எட்டு என்று நெருக்கமான சீட்டுகள் விழுந்து, அவற்றில் இரண்டு ஆட்டினாகவும் இருந்தால் யாருக்காவது ஜோடி, யாருக்காவது ரன் அமையும் நிலை, யாருக்காவது ஒரே பூவில் ஐந்து சீட்டான ஃபிளஷ் அமையும் நிலை என்று எல்லாம் மேஜையில் இருக்கும். அந்த இடத்தில் நான்கு ஜோடியோடு ஒரு ரூபாய் போடுவதும் வீண். போக்கரில் இவ்வளவு தெளிவான முடிவுகள் குறைவு. ஆனாலும் இந்த இடத்தில் ஈடு கட்டுகிறவர்களை எந்த மேஜையிலும் பார்க்கலாம். கையில் ஜோடி இருக்கிறதே என்ற எண்ணம் அவர்களை விடுவதில்லை.

சின்ன ஜோடிக்கு மட்டும் வரும் விசித்திரமான ஆபத்து ஒன்றும் உண்டு. மேஜையில் ராஜா, ஒன்பது, இரண்டு. டர்னில் இன்னொரு ஒன்பது. ரிவரில் இன்னொரு ராஜா. இதுவரை நான்கு ஜோடியோடு முன்னால் இருந்தவர் இப்போது தோற்றுவிட்டார். ராஜா ஜோடியும் ஒன்பது ஜோடியும் எல்லோருக்கும் பொது. ஐந்தாவது சீட்டுத்தான் வெற்றியைத் தீர்மானிக்கிறது. எதிராளியிடம் ஏஸ், இவரிடம் நான்கு. எதிராளி எந்தச் சீட்டையும் பிடிக்கவில்லை. மேஜையே இவருடைய ஜோடியை விழுங்கிவிட்டது. பெரிய ஜோடிகளுக்கு இந்த விபத்து நேர்வது மிக அரிது.

பழைய ஒற்றை வரி விதி தளர்ந்ததில் கணினிக்கும் பங்குண்டு. 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க் நகரின் ரிவர்ஸ் காசினோவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ரேட்டஸ் என்ற நிரல் நான்கு தேர்ந்த ஆட்டக்காரர்களுடன் தனித்தனியாக மோதியது. 20 நாள், 1,20,000 ஆட்டங்கள், தெளிவாக வென்றது. அதற்கு முன்பே, ஒவ்வொரு நிலைக்கும் சமநிலைத் தீர்வைக் கணக்கிட்டுக் காட்டும் மென்பொருள்கள் தொழில்முறை ஆட்டக்காரர்களின் மேஜைக்கு வந்துவிட்டன. அவை காட்டும் விடை கறுப்பு வெள்ளையாக இருப்பதில்லை. ஒரே நான்கு ஜோடியை ஒரே ஃப்ளாப்பில் சில முறை தொடரச் சொல்லும், சில முறை போட்டுவிடச் சொல்லும். கட்டப்படும் தொகை, எதிராளிகளின் எண்ணிக்கை, கடைசியில் பேசுவது யார் என்பவற்றைப் பொறுத்து அந்த விகிதம் மாறும்.

திறமையா, அதிர்ஷ்டமா என்ற வழக்கு தமிழ்நாட்டுக்கும் புதிதல்ல. மாநில அரசின் 2022ஆம் ஆண்டு இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் தடைப் பட்டியலில் வைத்திருந்தது. அவை திறமை ஆட்டங்கள் என்று கருதி, அந்தப் பகுதியை மட்டும் சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் செல்லாது என்றது. பிறகு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமை அதிர்ஷ்டம் என்ற பாகுபாடே பார்க்காமல், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடை செய்தது. இரண்டு வாதங்களிலும் உண்மை இருக்கிறது. செட் விழுவது அதிர்ஷ்டம். விழாதபோது எத்தனை ரூபாயோடு வெளியேறுகிறோம் என்பது திறமை. அந்தத் திறமை கைவருவதற்குள் ஒரு குடும்பத்தின் சேமிப்பு கரைந்துபோக முடியும் என்பதும் நாம் கண்டதே.

ஃப்ளாப்புக்குப் பிந்தைய சிக்கல்களில் பாதி, ஃப்ளாப்புக்கு முன் கொடுத்த விலையிலேயே தொடங்கிவிடுகிறது. செட் விழுவதற்கு எதிரான வாய்ப்பு ஏழரைக்கு ஒன்று. அப்படியானால் 300 ரூபாய் கொடுத்து உள்ளே போகிறவர், செட் விழும் ஒரு தடவையில் குறைந்தது 2,250 ரூபாயாவது எடுக்க வேண்டும். அந்தப் பணம் இப்போது பாட்டில் இல்லை. இனிமேல்தான் எதிராளியின் பையிலிருந்து வர வேண்டும். வரப்போகும் பணத்தையும் சேர்த்துக் கணக்கிடும் இந்த முறையை டேவிட் ஸ்க்லான்ஸ்கி ‘தி தியரி ஆஃப் போக்கர்’ நூலில் தனி அத்தியாயமாக விளக்கியிருக்கிறார். ஆனால் செட் விழும்போதெல்லாம் எதிராளி பணம் கொடுத்துவிடுவதில்லை. அவருக்கும் ஒன்றும் அமையாவிட்டால் முதல் கட்டிலேயே விலகிவிடுவார். அதனால் அனுபவசாலிகள் ஏழரையை இரட்டிப்பாக்கிக்கொள்கிறார்கள். கொடுக்கும் விலையைப்போல் 15 மடங்காவது எதிராளியிடமும் தன்னிடமும் மீதி இருந்தால்தான் செட்டுக்காக உள்ளே போவார்கள். 20 மடங்கு இருந்தால் இன்னும் நல்லது. போட்டிகளின் பிற்பகுதியில் எல்லோரிடமும் சில்லுகள் குறைந்துவிடும்போது இந்த மடங்கு கிடைப்பதில்லை. அப்போது செட்டுக்காகக் காத்திருக்கும் ஆட்டமே செத்துவிடுகிறது. சின்ன ஜோடியைப் போட்டுவிட வேண்டும், இல்லையென்றால் ஃப்ளாப்புக்கு முன்பே முழுவதையும் தள்ள வேண்டும்.

சரி, செட் விழுந்துவிட்டது. அதை மறைத்துவைத்து, எதிராளியை மெதுவாக உள்ளே இழுக்க வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். ராஜா, ஏழு, நான்கு என்று சிதறிய சீட்டுகளில் அது பெரிய கேடு செய்யாது. ஒன்பது, எட்டு, நான்கு, அவற்றில் இரண்டு ஆட்டின் என்றால் தாமதம் ஆபத்து. அடுத்த சீட்டு ஆட்டினாக வந்தால், நல்ல கை வைத்திருந்த எதிராளியும் பயந்து பணம் போடுவதை நிறுத்திவிடுவார்; அல்லது அவரே ஃபிளஷ் அமைத்து உங்களிடம் பணம் வாங்குவார். ஆட்டின் ஃபிளஷுக்குக் காத்திருப்பவர் செட்டை வெல்வது நாலில் ஒரு முறை. அந்த வாய்ப்பை அவருக்கு விலைக்குத்தான் கொடுக்க வேண்டும். செட் வைத்திருப்பவருக்கும் ஒரு மீட்பு உண்டு. மேஜையில் ஏதாவது ஒரு சீட்டு இரட்டித்தால் அது, ஒரே எண்ணில் மூன்றும் ஒரு ஜோடியும் சேர்ந்த ஃபுல் ஹவுஸ் ஆகிவிடும். நான்காவது சீட்டே வந்தாலும் வரலாம். இரண்டு சீட்டு மீதமிருக்கும்போது இது மூன்றில் ஒரு முறை நடக்கிறது.

செட்டும் தோற்பதுண்டு. இருவர் கையிலும் ஜோடி இருந்து, இருவருக்குமே ஃப்ளாப்பில் செட் விழுவது நூற்றுக்கு ஒரு முறை. அந்த நூற்றில் ஒன்று 2006இல் ‘ஹை ஸ்டேக்ஸ் போக்கர்’ தொலைக்காட்சி நிகழ்ச்சியில், சொந்தப் பணம் வைத்து ஆடிய மேஜையில் நடந்தது. டென்மார்க்கின் கஸ் ஹான்சன் இரண்டு ஐந்துகளோடு 2,100 டாலருக்கு ஏற்றினார். கனடாவின் டேனியல் நெக்ரானு இரண்டு ஆறுகளோடு அதை 5,000 ஆக்கினார். ஹான்சன் ஈடு கட்டினார். ஃப்ளாப்பில் விழுந்தவை ஒன்பது, ஆறு, ஐந்து.

இருவருக்கும் செட். ஹான்சன் தட்டிவிட்டார், நெக்ரானு 8,000 கட்டினார், ஹான்சன் அதை 26,000 ஆக்கினார், நெக்ரானு ஈடு கட்டினார். அந்த நேரத்தில் ஹான்சனைக் காப்பாற்றக் கட்டில் இருந்தது நடைமுறையில் ஒரே ஒரு சீட்டு, கடைசி ஐந்து. 45இல் ஒன்று. டர்னில் விழுந்தது அதுதான். நெக்ரானுவிடம் இப்போது ஆறுகளால் ஆன ஃபுல் ஹவுஸ். ஹான்சனிடம் நான்கு ஐந்துகள். ஹான்சன் 24,000 கட்ட, நெக்ரானு தொடர்ந்தார். ரிவரில் எட்டு. ஹான்சன் மறுபடி தட்டிவிட்டார். நெக்ரானு 65,000 கட்டினார். ஹான்சன் மொத்தத்தையும் தள்ளினார், 2,32,000 டாலர்.

நெக்ரானு மேற்கொண்டு 1,67,000 போட வேண்டும். போட்டால் பாட் 5,75,700 ஆகும். அதாவது நூற்றுக்கு 29 முறை வென்றாலே ஈடு கட்டலாம். அவரை வெல்லக்கூடிய கைகள் எவை? ஒன்பது ஜோடி மூன்று விதமாக அமையலாம், எட்டு ஜோடி மூன்று விதம், ஐந்து ஜோடி ஒரே விதம். ஆக ஏழு. அவரிடம் தோற்கும் ஃபுல் ஹவுஸ்கள்: ஒன்பதும் ஐந்தும் ஆறு விதம், எட்டும் ஐந்தும் ஆறு விதம், ஆறும் ஐந்தும் இரண்டு விதம். ஆக 14. ஏழை வைத்து ரன் பிடித்த கைகள் இதற்கு மேல். எதிரே இருப்பவர் யாரும் எதிர்பாராத சீட்டுகளோடு ஆடுவதற்குப் பேர்போன ஹான்சன். ஆகவே அந்த 14ஐ எளிதில் ஒதுக்கிவிட முடியாது. இங்கே சீட்டைப் போடச் சொல்லும் கணக்கு எதுவும் இல்லை. நெக்ரானு ஈடு கட்டினார். ஒரே விதமாக மட்டும் அமையக்கூடிய அந்தக் கையை ஹான்சன் திருப்பிக் காட்டினார்.